சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர். பிறகு வீடு ஏன் கிடைக்கவில்லை?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பும் வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளாக ஒரே கேள்வி சுற்றி வருகிறது. வரைபடத்தில் பார்த்தால் இந்தியாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட நிலம். ஆட்களோ தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அந்த நாடு, "வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், வீடு போதவில்லை" என்று சொல்லி வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறது. மாணவர் விசாக் கட்டணம் 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது, 2024 ஜூலையில் 1,600 ஆனது, 2025 ஜூலையில் 2,000 ஆனது. இடம் இல்லை என்பது வெறும் சாக்கா, இல்லை கணக்கில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா?

கணக்கில் இருக்கிறது. சாக்கும் கொஞ்சம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம். முதலில் கணக்கு. செட்டிநாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது விளங்குவது எளிது. அரண்மனை போன்ற வீடுகள் வரிசையாக நிற்க, உள்ளே விளக்கேற்ற ஒரே ஒரு காவல்காரர் இருக்கும் தெருக்களை நாம் தினமும் கடந்து போகிறோம். இடம் இருப்பது வேறு, ஆள் வாழ்வது வேறு என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடர்த்தி என்னும் சராசரி

மக்கள் அடர்த்தி என்பது ஒரு வகுத்தல் கணக்கு: மொத்த ஆட்கள், கீழே மொத்தப் பரப்பு. ஆஸ்திரேலியாவின் பரப்பு சுமார் 76.9 லட்சம் சதுர கிலோமீட்டர். 2024 தொடக்கத்தில் அதன் மக்கள்தொகை 2.7 கோடியைத் தொட்டது. வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு மூன்றரைப் பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இது 555. நம் சிவகங்கை மாவட்டம் மாநிலத்தில் நெரிசல் குறைந்த பக்கம்தான். அங்கும் 320 பேர் அளவில் வரும்.

இந்த மூன்றரை என்ற எண் பொய்யில்லை. ஆனால் அது மண்ணின் பார்வையில் எடுத்த சராசரி, மனிதரின் பார்வையில் எடுத்ததில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

1. ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரண்டு ஊர்கள். ஒன்றில் 1,000 பேர், மற்றதில் 10 பேர்.
2. சாதாரணச் சராசரி: 1,010 பேர், இரண்டு சதுர கிலோமீட்டர், ஆக 505.
3. ஆனால் அந்த 1,010 பேரையும் தனித்தனியாக நிறுத்தி "உன்னைச் சுற்றி எத்தனை பேர்?" என்று கேட்டால், ஆயிரம் பேர் "ஆயிரம்" என்பார்கள், பத்துப் பேர் மட்டும் "பத்து" என்பார்கள். அந்தப் பதில்களின் சராசரி 990.

முதல் எண் நிலத்துக்கு உரியது, இரண்டாவது அங்கே வாழ்கிறவர்களுக்கு உரியது. மக்கள் ஓரிடத்தில் குவியக் குவிய இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடும். அதிலும் பெரிய நாடு, பெரும்பகுதி வெறுமை என்றால் முதல் எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வாடகை, பேருந்து நெரிசல், பள்ளிக்கூட இடம் எல்லாமே இரண்டாவது எண்ணோடுதான் நடக்கின்றன.

ஆஸ்திரேலியா எவ்வளவு குவிந்த நாடு? சிட்னி, மெல்போர்ன் இரண்டு நகரங்களிலும் தலா ஐம்பது லட்சத்துக்கு மேல். நாட்டில் பத்துப் பேரில் நான்கு பேர் இந்த இரண்டில் இருக்கிறார்கள். மாநிலத் தலைநகரங்களை எல்லாம் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. கடற்கரையில் இருந்து 50 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் மட்டும் எண்பத்தைந்து விழுக்காட்டுக்கு மேல். மேற்கு ஆஸ்திரேலியா என்னும் மாநிலத்தின் பரப்பு 25 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே பத்தில் எட்டுப் பேர் பெர்த் நகரத்தில். வடக்குப் பிரதேசம் தமிழ்நாட்டைப்போல் பத்து மடங்கு பெரியது, ஆட்கள் இரண்டரை லட்சம். காரைக்குடி நகராட்சியாக இருந்தபோது 2011இல் அதன் எல்லைக்குள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். பத்துத் தமிழ்நாட்டில் இரண்டரைக் காரைக்குடியை வைத்தால் எப்படி இருக்கும்? அந்த இரண்டரை லட்சத்திலும் பாதிக்கு மேல் டார்வின் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள்.

யாரை எண்ணுகிறார்கள்?

அடர்த்திக் கணக்கின் மேல்பாதியில் ஆட்கள் எண்ணிக்கை இருக்கிறது. அதில் யார் யார் சேர்த்தி? இந்த இடத்தில்தான் செய்தி படிக்கும் பலர் வழி தவறுகிறார்கள்.

எண்ணுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, உரிமையை வைத்து எண்ணுவது. மற்றது, இருப்பை வைத்து எண்ணுவது. முதல் முறைக்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்களின் புள்ளிக் கணக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்கள். திருமணத்துக்குக் கோயில் மாலை வருகிறது, அத்தோடு அந்தக் குடும்பம் ஒரு புள்ளியாகப் பதிவாகிறது. அந்தப் புள்ளி கோலாலம்பூரில் இருந்தாலும் டெக்சஸில் இருந்தாலும் புள்ளிதான். ஊரில் வீடு பூட்டிக் கிடப்பதற்கும் புள்ளிக் கணக்குக்கும் தொடர்பில்லை. இது உரிமைக் கணக்கு.

ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வ மக்கள்தொகை நேர் எதிர், முழுக்க இருப்புக் கணக்கு. 16 மாத காலத்துக்குள் மொத்தம் 12 மாதம் அந்த நாட்டில் இருந்தால் நீங்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் ஒருவர். குடியுரிமை, நிரந்தர அனுமதி எதுவும் வேண்டாம். கல்லலில் இருந்து இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்குப் போன மாணவர், தான் அங்கே குடியேறியதாக நினைத்திருக்க மாட்டார். புள்ளிவிவரத்துக்கு அவர் குடியேறியவர்தான். அதேபோல், அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் லண்டனில் போய் ஓராண்டு தங்கினால் கணக்கில் இருந்து கழிக்கப்படுகிறார்.

"நிகர வெளிநாட்டுக் குடிபெயர்வு" என்று செய்திகளில் வரும் எண் இதுதான்: வந்து தங்கியவர்கள், கழித்தல் போய்விட்டவர்கள். இதையும், அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் நிரந்தரக் குடியேற்ற அனுமதி எண்ணையும் (2024–25க்கு 1,85,000) போட்டுக் குழப்பக் கூடாது. நிரந்தர அனுமதி பெறுபவர்களில் பெரும்பங்கினர் ஏற்கெனவே உள்ளே மாணவராகவோ ஊழியராகவோ இருப்பவர்கள். விசா மாறுகிறதே தவிர ஆள் கூடுவதில்லை.

எண்ணாமல் விட்டவர்களின் கதையும் ஒன்று உண்டு. பழங்குடி மக்கள் அந்தக் கண்டத்தில் சுமார் 65,000 ஆண்டுகளாக வாழ்கிறார்கள். ஆனால் 1901இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 127ஆம் பிரிவு, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. 1967 பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு கிடைத்த பிறகே அது நீக்கப்பட்டது. "யாருக்கும் சொந்தமில்லாத நிலம்" என்ற சட்டக் கற்பனை உயர் நீதிமன்றத்தின் மாபோ தீர்ப்பில் விழுந்தது 1992இல். "காலி நிலம்" என்று யாராவது சொன்னால், யாரை எண்ணாமல் விட்டதால் அது காலியானது என்று கேட்பது நல்ல பழக்கம்.

கடற்கரையை ஒட்டியே ஏன்?

முதல் காரணம் தண்ணீர். கண்டத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு வறண்ட அல்லது அரைவறட்சி நிலம். கிழக்குக் கரையை ஒட்டி நீளும் மலைத்தொடர் கடலில் இருந்து வரும் ஈரத்தைத் தன் பக்கமே இறக்கிக்கொள்கிறது. அதற்கு மேற்கே போகப் போக மழை குறைகிறது. மண்ணும் மிகப் பழைய மண், சத்து கழுவிப் போனது.

செட்டிநாடும் வறண்ட சீமைதான். ஆனால் நம் வறட்சி வேறு வகை. இங்கே ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. வேறெந்தப் பருவத்தையும்விட வடகிழக்குப் பருவத்தில் அதிகமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. பிடித்து வைத்தால் ஆண்டு முழுவதும் ஓட்டலாம். அதனால்தான் பாசனத்துக்குக் கண்மாய், குடிக்க ஊருணி, ஓட்டுச் சரிவில் வழியும் நீரை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) இறக்கி அண்டாவில் பிடிப்பது என்று ஓர் ஏற்பாடே உருவானது. ஊருணி இருந்த இடத்தில்தான் ஊர் நின்றது. ஆஸ்திரேலிய உள்நாட்டில் பெய்வதே 250 மில்லிமீட்டருக்குக் கீழ், அதுவும் எந்த ஆண்டு வரும் என்று சொல்ல முடியாது. பிடித்து வைக்க ஊருணி வெட்டலாம். நிரப்புவது யார்?

இதை அங்கே போனவர்கள் பட்டுத்தான் கற்றார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர், கடும் வறட்சிக்குப் பின் 1865இல் குதிரையில் சுற்றிவந்து ஒரு கோடு கிழித்தார். செடிகொடிகள் மாறும் இடத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்ட கோடு. ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழைக்கோட்டோடு ஒத்துப்போகிறது. தெற்கே பயிர் வைக்கலாம், வடக்கே மேய்ச்சல் மட்டும் என்றார். அடுத்துச் சில ஆண்டுகள் நல்ல மழை. கோய்டருக்கு ஒன்றும் தெரியாது என்று பேச்சு கிளம்பியது. "ஏர் போகும் வழியே மழையும் வரும்" என்ற நம்பிக்கை அப்போது பல நாடுகளில் பரவியிருந்தது. 1874இல் அரசும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. கோட்டைத் தாண்டிப் போய்க் கல்வீடு கட்டினார்கள், கோதுமை விதைத்தார்கள், புது ஊர்களுக்கு மனை பிரித்தார்கள். 1880களின் தொடக்கத்தில் வறட்சி திரும்பியது. கூரை போன அந்தக் கல்வீடுகள் இன்றும் வெட்டவெளியில் நிற்கின்றன.

செட்டிநாட்டின் பூட்டிய வீட்டையும் அந்தக் கல்வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். இரண்டும் காலிதான், ஆனால் காரணம் ஒன்றில்லை. அங்கே வீட்டுக்காரர் தோற்றுப் போனார். இங்கே வீட்டுக்காரர் வேறு ஊரில் சம்பாதித்தார்.

இரண்டாவது காரணம் வரலாறு. ஆஸ்திரேலியா முதலில் ஒரு நாடாக இல்லை. தனித்தனிக் குடியேற்றங்களாகத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறைமுகம், அதுவே தலைநகரம். கம்பளியும் பொன்னும் கோதுமையும் உள்ளே இருந்து துறைமுகத்துக்கு வந்தன. ரயில் பாதையும் துறைமுகத்தில் இருந்து விசிறியாக விரிந்தது. பக்கத்துக் குடியேற்றத்தோடு இணைக்கும் எண்ணமே இல்லாததால் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து மூன்றும் மூன்று அகலத்தில் தண்டவாளம் போட்டன. இப்படிப்பட்ட பாதையில் நடுவில் ஊர்கள் வளராது, முனையில் இருக்கும் ஊர்தான் வீங்கும். 1901இல் கூட்டமைப்பாக இணைந்தபோது சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் தலைநகர்ச் சண்டை தீராமல், சிட்னியில் இருந்து 100 மைலுக்கு அப்பால் புதுத் தலைநகர் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி, கான்பெராவைக் கட்டினார்கள். உள்நாட்டில் அரசே திட்டமிட்டு உருவாக்கிய பெரிய நகரம் அது ஒன்றுதான். பாலைவனத்துக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க அவர்களுக்கும் துணிவில்லை.

மூன்றாவது காரணம், இன்று முக்கியமானது: உள்நாட்டின் செல்வத்துக்கு ஆட்கள் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. மேற்கே பில்பரா வட்டாரத்தில் இரும்புத் தாது வெட்டி எடுக்கிறார்கள். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரியதொரு பங்கு அதில் வருகிறது. வேலை செய்பவர்களில் ஏராளமானோர் பெர்த்தில் இருந்து விமானத்தில் போய், இரண்டு வாரமோ மூன்று வாரமோ முகாமில் தங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். குடும்பம் கடற்கரையில். நம் பாட்டனார்கள் "கொண்டுவிக்கப் போவது" என்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் கப்பலேறி, வீட்டாரை இங்கே விட்டுப்போன ஏற்பாட்டின் விமானக்காலப் பதிப்பு. ஒரு வேறுபாடு: அங்கே விளைந்த பணத்தை இங்கே வீடாகக் கட்டினார்கள், தேக்கும் கப்பலேறி வந்தது. பில்பரா பணம் பெர்த்தில் வீடாகிறது.

காலி நிலம் நிறைந்ததற்கு எதிர் உதாரணமும் பர்மாவிலேயே இருக்கிறது. 1852க்குப் பின் கீழ் பர்மாவின் ஐராவதி டெல்டா வேகமாக நிறைந்தது. மழை இருந்தது, வண்டல் இருந்தது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அரிசிக்குச் சந்தையும் கிடைத்தது. காடு வெட்டிப் பயிர் வைக்க முன்பணம் செட்டிநாட்டில் இருந்து போனது. நாலும் கூடியதால் ஆட்கள் வந்தார்கள். ஒன்று குறைந்தாலும் நிறைந்திருக்காது. (அந்த முன்பணம் பின்னால் என்ன வினையைக் கொண்டுவந்தது என்பது வேறு கட்டுரைக்கான விஷயம். 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நில உடைமை 1937க்குள் 25 விழுக்காட்டைத் தொட்டது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கலாம்.)

எப்படி வளர்கிறது?

மக்கள்தொகை ஒரு பேரேடு. வரவில் இரண்டு பத்தி: பிறப்பு, வருகை. பற்றில் இரண்டு: இறப்பு, வெளியேற்றம்.

1901இல் ஆஸ்திரேலியாவில் சுமார் 38 லட்சம் பேர். பெரிய கண்டம், சிறிய எண்ணிக்கை என்ற அச்சம் அன்றே இருந்தது. கூடவே யார் வரலாம் என்பதில் கறாரும் இருந்தது. அதே 1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுதுதல் தேர்வு வைத்து ஆசியர்களைத் திருப்பி அனுப்பியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் டார்வின் மீது குண்டு போட்டபின் அச்சம் கூடியது. 1945இல் முதல் குடியேற்ற அமைச்சரான ஆர்தர் கால்வெல் "ஆளைப் பெருக்கு, இல்லையேல் அழிவு" என்ற முழக்கத்தோடு ஐரோப்பாவில் இருந்து லட்சக்கணக்கில் அழைத்து வந்தார். அப்போது மக்கள்தொகை 74 லட்சம் அளவில். நிறத்தின் பேரால் விலக்கும் கொள்கை முழுதாக முடிந்தது 1973இல். நம்மவர்கள் அங்கே எண்ணிக்கையில் தெரியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2021 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 27.6 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 95 ஆயிரம்.

பிறப்புப் பத்தி மெலிந்துவிட்டது. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தை வேண்டும். ஆஸ்திரேலியாவில் அது 1.5 அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2004இல் நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோ "அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று" என்று கேட்டு ஊக்கத்தொகையும் கொடுத்துப் பார்த்தார். கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியது. தமிழ்நாடும் 2.1க்குக் கீழே போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதால் இதில் நாம் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை.

ஆகவே இன்று அந்த நாட்டின் வளர்ச்சியில் பெரும்பகுதி வருகைப் பத்தியில் இருந்து வருகிறது. 2023 ஜூன் வரையான ஓராண்டில் 6.24 லட்சம் பேர் கூடியதாக அப்போது கணக்கு வெளியானது, அதில் 5.18 லட்சம் நிகரக் குடிபெயர்வு. வளர்ச்சி விகிதம் 2.4 விழுக்காடு. கேட்கச் சின்ன எண். வட்டிக்கு வட்டி தெரிந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை: எழுபதை விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம். 2.4 அப்படியே நீடித்தால் முப்பது ஆண்டுக்குள் நாடு இரு மடங்கு.

நீடிக்கவில்லை. அந்த ஓராண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் அங்கே அரசியல் சண்டை நடக்கிறது என்பதால், அது எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லது.

1. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். 2021 ஜூன் வரையான ஆண்டில் நிகரக் குடிபெயர்வு சுழியத்துக்குக் கீழே போனது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்துக்குப் பின் அது முதல்முறை.
2. எல்லை திறந்ததும் இரண்டு ஆண்டு காத்திருந்த மாணவர்கள் மொத்தமாக வந்தார்கள். வரவு ஏறியது.
3. வழக்கமாக ஒவ்வோர் ஆண்டும் படிப்பு முடித்த ஒரு கூட்டம் ஊர் திரும்பும். இரண்டு ஆண்டு வருகை ஏறத்தாழ நின்றுபோனதால், திரும்பிப் போக வேண்டிய கூட்டம் சிறுத்துவிட்டது. பற்று குறைந்தது.
4. வரவு முழுசு, பற்று பாதி. இருப்பு திடீரென்று எகிறியது. புது மாணவர்கள் படித்து முடிக்கும்போது பற்று திரும்ப எழுதப்படும், நிகர எண் இறங்கும். பின்வந்த ஆண்டுகளில் அது இறங்கவும் செய்தது.

பூட்டிய வீடும் வீட்டுத் தட்டுப்பாடும்

2021 கணக்கெடுப்பு இரவில் ஆஸ்திரேலியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஆள் இல்லை. மொத்த வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. இந்த எண் வெளியானதும் "வீடு இருக்கிறது, பதுக்கி வைத்திருக்கிறார்கள்" என்று பெரிய கூச்சல்.

செட்டிநாட்டுக்காரர் யாரும் இந்தக் கூச்சலில் சேர மாட்டார். கானாடுகாத்தானில் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு காலியாகக் கிடக்கிறது. சென்னையில் அதே குடும்பத்தின் பேரன் இரண்டு அறைக்கு மாதா மாதம் வாடகை கொடுக்கிறான். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போதாததற்கு அந்த வீட்டில் பதினைந்து பங்காளிகளுக்குப் பங்கு. முன்னோருக்கான படைப்புக்கும் அறுபதாம் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறார்கள், விற்கச் சம்மதம் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியக் காலி வீடுகளிலும் இப்படிப் பல வகை: கடலோர விடுமுறை வீடு, அன்றிரவு வெளியூர் போயிருந்தவர் வீடு, விற்பனைக்கு நிற்பது, செப்பனிடுவது, வேலை வற்றிய சுரங்க ஊரில் நிற்பது. சிட்னியில் அறை தேடும் மாணவருக்கு இதில் பெரும்பாலானவை பயன்படாது.

சாக்குக்கு வருவோம். குடியேறுவோர்தான் விலையை ஏற்றினார்கள் என்பது முழுக் கதை என்றால், வருகை ஏறத்தாழ நின்றிருந்த 2021இல் வீட்டு விலை இறங்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டில்தான் நாடு முழுவதும் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. வட்டி அடிமட்டத்தில் இருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஆளுக்கோர் அறை கூடுதலாகத் தேடினார்கள். ஒரு வீட்டில் சராசரியாக வசிப்பதே இரண்டரைப் பேர்தான். நகரத்தின் நடுப்பகுதிகளில் அடுக்குமாடி கட்ட அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு, மனைப் பயன்பாட்டு விதிகள், கட்டுமான ஆள்பற்றாக்குறை எல்லாம் பல பத்தாண்டுப் பிரச்சினைகள். 2024 ஜூலை தொடங்கி ஐந்து ஆண்டில் 12 லட்சம் வீடு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். கட்டும் வேகம் அதற்குப் பின்தங்கியே ஓடுகிறது. குடியேற்றம் வாடகையை ஏற்றவில்லை என்று சொல்ல முடியாது. குறுகிய காலத்தில், அதிலும் கல்லூரிகளைச் சுற்றிய பகுதிகளில், ஏற்றியது. ஆனால் மனைப் பயன்பாட்டு விதியை மாற்றினால் உள்ளூர் ஓட்டு போகும். மாணவருக்கு ஓட்டில்லை. 2025இல் புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு 2,70,000 என்று அளவு வைத்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

கனடாவிலும் இதே நாடகம் நடந்தது. அங்கே மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அமெரிக்க எல்லையில் இருந்து 100 கிலோமீட்டருக்குள். 2024இல் அவர்களும் மாணவர் அனுமதிக்கு வரம்பு கட்டினார்கள். மங்கோலியாவில் ஏறத்தாழ பாதிப்பேர் உலான்பாத்தர் ஒரே நகரத்தில்.

"ரீஜனல்" என்றால் பட்டிக்காடா?

பரவலாகக் குடியேற்ற ஆஸ்திரேலிய அரசு கையில் எடுத்திருக்கும் கருவி விசா. 2019 நவம்பரில் வந்த 491 என்னும் தற்காலிக விசாவைப் பற்றி இங்கே முகவர்களிடம் விசாரிப்பவர்கள் அதிகம். விளங்க வேண்டியவை இவ்வளவுதான்:

1. திறன் அடிப்படையிலான புள்ளி முறையில் குறைந்தது 65 வேண்டும். (கோயில் புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஒரு மாநிலம் 491க்குப் பரிந்துரைத்தால் 15 கூடும், 190 என்னும் நிரந்தர விசாவுக்குப் பரிந்துரைத்தால் 5 மட்டும். ஒதுக்குப்புறம் போக ஒப்புக்கொள்பவருக்குக் கூடுதல் விலை.
2. இந்த விசாவில் "வட்டாரப் பகுதி" (ரீஜனல்) என்று வரையறுத்த இடத்தில் மட்டும் வசிக்கலாம், வேலை பார்க்கலாம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர்த்த எல்லாமே வட்டாரப் பகுதிதான். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஹோபார்ட்டும் அதில் சேர்த்தி. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள அடிலெய்டைப் பட்டிக்காடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.
3. மூன்று ஆண்டு அங்கே இருந்து, வரிக்கணக்கையும் காட்டினால் 191 என்னும் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதனால் மக்கள் பரவுவார்களா? விசாக் கட்டாயம் முடியும்வரை இருப்பார்கள். அதன்பின் வேலை, பள்ளிக்கூடம், கோயில், மளிகைக்கடை, பேச்சுத்துணை எங்கே இருக்கிறதோ அங்கே போவார்கள். 491இன் உண்மையான பயன், கூட்டத்தை முதல் மூன்று நகரத்தில் இருந்து அடுத்த நான்கைந்து நகரத்துக்குத் திருப்புவது. பாலைவனத்தை நிரப்ப அதனால் ஆகாது. அரசுக்கும் அந்த நோக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

நிரப்பாமல் விட்டதற்கும் செலவு உண்டு. சிதறி வாழும் சில ஆயிரம் பேருக்கு மருத்துவர் விமானத்தில் போகிறார். இந்தப் பறக்கும் மருத்துவர் சேவை 1928இல் தொடங்கியது. பிள்ளைகளுக்கு வானொலி வழிப் பள்ளி 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கியது. ஒரு தலைக்கு ஆகும் செலவு நகரத்தைவிடப் பல மடங்கு. அந்த நாடு அதை வரிப்பணத்தில் கொடுக்கிறது.

மூன்று ஏடுகள்

இனி வரும் கணக்கெடுப்புகளைப் படிக்கும்போது இந்தப் பின்னணி உதவும். ஆஸ்திரேலியா ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கிறது, அடுத்தது 2026 ஆகஸ்டில். இந்தியாவில் 2011க்குப் பின் எடுக்காமல் விட்டுப்போன கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுப் பட்டியல் எடுப்பவர்கள் பள்ளத்தூருக்கும் கண்டனூருக்கும் வந்து, பூட்டிய கதவுக்கும் ஓர் எண் போட்டுவிட்டுப் போவார்கள்.

அடிலெய்டில் படித்துக்கொண்டிருக்கும் அந்த வீட்டுப் பையன் ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் ஒருவன். இந்தியக் கணக்கில் அவன் வீடு உண்டு, அவன் இல்லை. கோயில் ஏட்டில் புள்ளியாக ஏற அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆக வேண்டும்.